குறட்டை, செரோடோனின், அப்புறம் எங்க மாமா

தலைப்பைப் பார்த்ததும் பக்கத்து பெஞ்சு நண்பன் என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். "காஸ்ட் அக்கவுண்டன்சி அரியரை முடிக்காம மூளை ஆராய்ச்சி எதுக்குடா உனக்கு?" நியாயமான கேள்விதான். பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறவனுக்கும் செரோடோனினுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம், எங்க மாமா விடுகிற குறட்டை.

முதலில் ஊர் பற்றி இரண்டு வரி. திருப்பாலைவனம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் "ஒட்டகம் இருக்கா?" என்று கேட்கிறார்கள் :-) இது மணல் பாலைவனம் இல்லை ஐயா, பாலை மரங்கள் நின்ற வனம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும். எங்கள் வீடு இங்கே. அம்மா பிறந்த வீடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில். மாமா ஏரியிலும் கடலிலும் தொழில் செய்கிறவர். இறால் பாடு ராத்திரியில் என்றால் ராத்திரி முழுக்க ஏரியில், மற்ற நாளில் விடியுமுன்னே படகு. அவர் எப்போது தூங்குவார் என்பது தண்ணீரையும் காற்றையும் பொறுத்தது.

அவர் குறட்டை குப்பத்துக்கே தெரியும். சின்ன வயசில் லீவுக்குப் போனால் நாங்கள் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து "இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு" என்று காத்திருப்போம். குறட்டை திடீரென்று நிற்கும். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு முங்கினவன் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கின மாதிரி ஒரு பெரிய மூச்சு வரும். நாங்கள் கைதட்டிச் சிரிப்போம். அந்தச் சத்தமில்லாத நேரத்தில் அவர் மூச்சு விடவே இல்லை என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் நடந்தது இது. ஏரியில் வலை வாங்கிவிட்டுத் திரும்பும்போது படகு விளிம்பில் உட்கார்ந்திருந்த மாமா, உட்கார்ந்தபடியே தூங்கித் தண்ணீரில் விழுந்துவிட்டார். பழவேற்காடு ஏரி பெரியது, ஆனால் ஆழம் குறைவு. சராசரியாக ஒரு மீட்டர்தான் இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்றார். கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். "கும்பகர்ணன் குளிக்கிறான்" என்று அன்றைக்கே பெயர் வைத்தாயிற்று. கரைக்கு வருவதற்குள் "காலையிலேயே போட்டுட்டான் போல" என்று இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. மாமா குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது.

அதற்குப் பிறகு கடலுக்குப் போகிற படகில் அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடலில் இடுப்பளவுத் தண்ணீர் கிடையாது. ஆனால் ஒரு மனுஷனுக்கு 46 வயசில் "சோம்பேறி, குடிகாரன்" என்று பெயர் வந்து தொழிலும் போவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தைதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ படிச்ச புள்ள. இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருதுடா. நான் பயந்துபோயி தட்டித் தட்டி எழுப்புறேன். எத்தினி நாளைக்கு நான் முழிச்சிருக்கறது?"

பக்கத்து ஊரில் ஒரு டாக்டரிடம் அதற்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். "தூக்கம் சரியில்லை, பகலில் அசதி" என்று சொன்னதும், டென்ஷன் என்று தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார். குறட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. மாத்திரை போட்ட நாட்களில் மூச்சு நிற்பது இன்னும் நீண்டது என்றார் அத்தை.

இங்கேதான் நான் உள்ளே வருகிறேன். நெட்டில் தேட ஆரம்பித்தேன். நோயின் பெயர் உடனே கிடைத்துவிட்டது: ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்தில் மூச்சுத் தடை. தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டு குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றால் அது ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 5 தடவைக்கு மேல் போனால் நோய், 30-க்கு மேல் போனால் கடுமையான நோய். இன்னும் தோண்டியபோது செரோடோனின் வந்தது. அட, இது நமக்குத் தெரிந்த ஆளாயிற்றே! "மகிழ்ச்சி ஹார்மோன்" என்று வாரப் பத்திரிகையில் எல்லாம் போடுவார்களே, வாழைப்பழம் சாப்பிட்டால் கூடும் என்று. அதுதான். (வாழைப்பழத்தில் செரோடோனின் இருப்பது உண்மை. ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. அதனால் சந்தோஷத்துக்காக வாழைப்பழம் சாப்பிடுகிறவர்கள் பசிக்காக மட்டும் சாப்பிடவும்.)

இந்தப் பொருளின் கதையே சுவாரசியமானது. 1948-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் ராப்போர்ட், கிரீன், பேஜ் என்ற மூன்று பேர் ரத்தத்தின் சீரத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். ரத்தக் குழாயை இறுக்கும் பொருள் என்பதால் சீரம், டோன் என்ற இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். எர்ஸ்பாமர் என்ற இத்தாலியர் அதற்கு முன்பே குடலில் கண்டுபிடித்து வேறு பெயர் வைத்திருந்தது இதே பொருள்தான். உடம்பில் உள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. மூளையில் இருப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சம்தான் நம் கதைக்கு வேண்டியது.

நம் தொண்டையின் மேல்பகுதிக்கு எலும்புச் சட்டம் கிடையாது. வெறும் சதைக் குழாய். இளநீர்க் கடையில் பேப்பர் ஸ்ட்ரா நனைந்து ஊறியபின் வேகமாக உறிஞ்சினால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சிலும் நம் தொண்டைக்கு அந்த ஆபத்து உண்டு. ஒட்டாமல் காப்பாற்றுவது நாக்கையும் தொண்டையையும் முன்னால் இழுத்துப் பிடிக்கிற தசைகள். நாக்குத் தசைக்கு மூளைத்தண்டிலிருந்து ஒரு நரம்பு வருகிறது. அந்த நரம்புக்கு "பிடி, விடாதே" என்று ஓயாமல் ஊக்கம் கொடுக்கிற வேதிப்பொருட்களில் ஒன்று செரோடோனின். நாம் விழித்திருக்கும்போது அதைச் சுரக்கிற செல்கள் ஒரே சீராக வேலை செய்கின்றன. தூங்கினால் வேகம் குறைகிறது. கனவு காணும் தூக்கத்தில் கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது. தொண்டை அகலமாக உள்ளவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. இயல்பிலேயே குறுகலாக உள்ளவர்களுக்குக் குழாய் ஒட்டிக்கொள்கிறது.

அதோடு முடியவில்லை. மூச்சு நின்றால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். அதைக் கண்டு நம்மை எழுப்பிவிடுகிற வேலையிலும் செரோடோனின் செல்களுக்குப் பங்கு இருக்கிறது. 2010-ல் புக்கானன், ரிச்சர்சன் என்ற ஆய்வாளர்கள் இந்தச் செல்கள் இல்லாத எலிகளைச் சோதித்தார்கள். கரியமில வாயு கலந்த காற்றைக் கொடுத்தும் அந்த எலிகள் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறந்த பச்சைக் குழந்தைகளின் மூளைத்தண்டை பாஸ்டனில் ஹன்னா கின்னி குழுவினர் பல வருஷம் ஆராய்ந்தார்கள். 2010-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் அந்தக் குழந்தைகளுக்குச் செரோடோனின் 26 சதவீதம் குறைவாக இருந்தது. (கைக்குழந்தை இருக்கிற வீட்டில் குழந்தையைக் குப்புறப் போடாமல் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்வது இந்த மாதிரி மரணங்களைக் குறைக்கத்தான்.)

இதையெல்லாம் படித்ததும் எனக்குக் கணக்கு சுலபமாகத் தெரிந்தது. செரோடோனின் குறைவதால் தொண்டை அடைக்கிறது. செரோடோனினைக் கூட்டுகிற மாத்திரைகள் மன அழுத்தத்துக்குக் கடையில் இருக்கின்றன. விலை சில ரூபாய். இந்த நோய்க்கு டாக்டர்கள் சொல்லும் காற்றுக் கருவியோ பல ஆயிரம். பி.காம். மூளை என்ன சொல்லும்? மாத்திரையை வாங்கு என்றது! 2007-ல் வந்த ஒரு ஆய்வும் கைக்குக் கிடைத்தது. மிர்டாசபின் என்ற மன அழுத்த மாத்திரையைக் கொடுத்ததில் மூச்சு நிற்கும் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாம். மொத்தம் 12 பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதைப் படித்தேன், ஆனால் மனசில் ஏற்றிக்கொள்ளவில்லை.

துண்டுச் சீட்டில் பெயரை எழுதிக்கொண்டு மெடிக்கலுக்குப் போனேன். "டாக்டர் சீட்டு இல்லாம இதைக் கொடுக்க மாட்டேன் தம்பி" என்று கடைக்காரர் அனுப்பிவிட்டார். திட்டிக்கொண்டே வந்தேன். இன்றைக்கு அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம்.

ஏனென்றால் மறுபடி படிக்க உட்கார்ந்தபோதுதான் மீதிக் கதை கிடைத்தது. அடுத்த வருஷமே, 2008-ல், ஆஸ்திரேலியாவில் மார்ஷல் குழுவினர் இதே மாத்திரையை இன்னும் கவனமாகச் சோதித்தார்கள். பலன் இல்லை. உடம்பு எடை மட்டும் கூடியது. எடை கூடினால் தொண்டை இன்னும் குறுகும், நோய் இன்னும் மோசமாகும். அதாவது நான் வாங்கப் போனது நோயைக் கூட்டுகிற மருந்தாகக்கூட ஆகியிருக்கலாம். பாராக்ஸெடின் என்று இன்னொன்று. சாதாரணத் தூக்கத்தில் கொஞ்சம் குறைத்தது, கனவுத் தூக்கத்தில் இல்லை, நோயாளிகளுக்கு அசதியும் தீரவில்லை. புல்டாக் நாய்களுக்கு இயற்கையாகவே இந்த நோய் உண்டு. ஒண்டான்செட்ரான் (நம் ஊரில் வாந்திக்குக் கொடுப்பார்களே, அதே மாத்திரைதான்) நாய்களுக்கு நன்றாக வேலை செய்தது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை.

ஏன் இப்படி? எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். அக்கவுண்ட்ஸில் ஒரே நூறு ரூபாய் ஒரு கணக்கில் பற்று, இன்னொரு கணக்கில் வரவு. செரோடோனினும் அப்படித்தான். அது போய் உட்காருகிற ஏற்பிகள் பத்துக்கு மேற்பட்ட வகை. நாக்கு நரம்பில் உட்கார்ந்தால் தொண்டை திறக்க உதவுகிறது. மூளைக்கு வெளியே வேறு நரம்பில் உட்கார்ந்தால் மூச்சையே மட்டுப்படுத்துகிறது. மாத்திரைக்கு எந்தக் கணக்கில் எழுத வேண்டும் என்று தெரியாது. எல்லாவற்றிலும் எழுதிவிடும். போதாததற்கு, நாக்குத் தசையைப் பொறுத்தவரை செரோடோனினைவிட நார் அட்ரினலின் முக்கியம் என்றும் பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. 2019-ல் நார் அட்ரினலினைக் கூட்டுகிற ஒரு மாத்திரையையும் வேறொன்றையும் சேர்த்து 20 பேருக்கு ஒரு ராத்திரி கொடுத்ததில் நல்ல பலன் தெரிந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்கா இந்த நோய்க்கு முதல்முறையாக ஒரு மருந்தை அனுமதித்தது. டிர்செபடைட் என்ற ஊசி மருந்து. அதுவும் உடல் பருமன் உள்ளவர்களுக்கு, எடையைக் குறைப்பதன் வழியாகத்தான். செரோடோனினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு நோயில் ஒரு வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு என்று தெரிவதும், அதைக் கூட்டினால் நோய் தீரும் என்பதும் ஒன்றல்ல. நடுவில் பெரிய ஏரியே இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக விஞ்ஞானிகள் அதைக் கடக்கப் பார்க்கிறார்கள். நான் ஒரே ராத்திரியில் செல்போனை வைத்துக்கொண்டு கடக்கப் பார்த்தேன். "குறட்டைக்குக் காரணம் செரோடோனின் குறைவு, இதைச் சாப்பிடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கும். அதனால்தான் இரண்டாம் பாதியையும் நம்பிவிடுகிறோம்.

சரி, மாமாவுக்கு வருவோம். அவர் தூங்கும்போது செல்போனில் பதிவு செய்தேன். ஒரு மணி நேரத்தில் 34 தடவை மூச்சு நின்றது. ஒரு தடவை 40 விநாடி. அந்த வீடியோவைச் சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினோம். பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "தூக்க மாத்திரை ஏதாவது போடறீங்களா?" உடனே நிறுத்தச் சொன்னார். பல தூக்க மாத்திரைகளும் சாராயமும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும், மூச்சு நின்றதும் விழிக்கிற சக்தியையும் மழுங்கடிக்கும் என்றார். "மாமா ஒல்லியாத்தானே சார் இருக்காரு?" என்று கேட்டேன். தாடை சின்னதாகவோ பின்தள்ளியோ இருந்தால் ஒல்லியானவருக்கும் வரும், நம் ஆசியாக்காரர்களிடம் இது அதிகம் என்றார்.

பரிசோதனையில் மணிக்கு 41 என்று வந்தது. வைத்தியம் மாத்திரை இல்லை, காற்று. மூக்கில் ஒரு மாஸ்க் மாட்டி, ஒரு மோட்டார் வழியாகக் காற்றை மெல்ல உள்ளே தள்ளி, குழாய் ஒட்டாமல் வைத்திருப்பது. சி-பேப் என்கிறார்கள். 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் கண்டுபிடித்தது. வாக்குவம் கிளீனர் மோட்டாரை மாற்றிப்போட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்னும் அதுதான் முதல் வைத்தியம்.

அத்தை எடுத்த சீட்டுப் பணத்தில் 38,000 ரூபாய் அதற்குப் போனது. எங்கள் தங்கச்சி கல்யாணத்துக்கு என்று கட்டிக்கொண்டிருந்த சீட்டு. கரண்ட் போனால் கருவி நின்றுவிடும். உப்புக் காற்றில் எத்தனை வருஷம் உழைக்குமோ தெரியாது. முதல் வாரம் மாமா "மாப்ளே, இது மூஞ்சில நண்டு புடிச்ச மாதிரி இருக்குடா" என்று கழற்றிக் கழற்றி வைத்தார். மூன்றாவது வாரம் ஒரு நாள் ராத்திரி தொழிலுக்குப் போய்விட்டு வந்து, பகலில் மாட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, "எத்தினி வருஷம் ஆச்சு இப்படித் தூங்கி" என்றாராம். அத்தை போனில் சொல்லும்போது அழுதுவிட்டார். அத்தையும் அன்றைக்குத்தான் முழுசாகத் தூங்கியிருக்கிறார்.

இது எங்க மாமா ஒருவர் கதை இல்லை. 2023-ல் டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட கணக்கில், பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம், வேலை செய்யும் வயசில் 10 கோடிக்கு மேல் என்று சொல்லியிருக்கிறார்கள். பாடகர், இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் இறந்தபோது டாக்டர்கள் சொன்ன காரணம் இதே நோய். அவருக்கு நோய்க்குப் பெயர் தெரிந்திருந்தது. எங்கள் பக்கம் பெயரே தெரியாமல் "தூக்கத்திலேயே போயிட்டாரு, நல்ல சாவு" என்று சொல்லி எடுத்துவிடுகிறோம். எல்லாச் சாவும் இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவரும் கேட்டுப் பார்த்ததில்லை என்பது நிச்சயம்.

கேட்பதற்குச் செலவே இல்லை. 2008-ல் கனடாவின் டொரோன்டோவில் எட்டே கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். சத்தமாகக் குறட்டையா, பகலில் அசதியா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம் உண்டா, அப்புறம் எடை, வயசு, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா. அவ்வளவுதான். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபோது, பி.பி.க்கும் சுகருக்கும் வீட்டு வாசலுக்கே வந்து பார்த்தார்கள். அப்படி வீடு தேடி வருகிறவர்கள் கையில் இந்த எட்டுக் கேள்வியும் இருந்தால் என்ன? மத்திய அரசு ஊழியர்களுக்கு அவர்களுடைய சுகாதாரத் திட்டத்தில் இந்தக் கருவிக்கு ஒரு வரம்பு வரை பணம் கிடைக்கிறது. நாற்காலியில் தூங்கி விழுகிறவருக்குக் கிடைக்கிற உதவி, படகிலிருந்து தூங்கி விழுகிறவருக்கும் கிடைக்க வேண்டாமா? வேலை இழந்து, சீட்டுப் பணம் இழந்து, கெட்ட பெயரும் வாங்கின ஒரு குடும்பத்தின் நஷ்டத்தை வைத்துப் பார்த்தால் கருவியின் விலை ஒன்றுமே இல்லை. காஸ்ட் அக்கவுண்டன்சியில் அரியர் வைத்தவனுக்கே புரிகிற கணக்கு இது.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது குறட்டை விட்டால் "நிம்மதியாத் தூங்குறாரு" என்று நகராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் கவனியுங்கள். சத்தம் நிற்கிற இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். பத்தைத் தாண்டித் தாண்டிப் போனால் வீடியோ எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், மெடிக்கலுக்கு இல்லை.

மாமா இப்போது மறுபடி கடலுக்குப் போகிறார். கும்பகர்ணன் என்ற பெயர் மட்டும் இன்னும் போகவில்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். அந்த நோய்க்கு அது வேண்டிய மருந்து. சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரையே கேளுங்கள். அரியர் பற்றிய சந்தேகம் இருந்தால் மட்டும் என்னைக் கேளுங்கள்.